சுரைக்காயும் பள்ளித் தோட்டமும்

சம்பா நெல்லும், அறுவடைக்குப் பின் வயலின் ஈரத்தை நம்பி விளையும் உளுந்தும் கீரப்பாளையம் வட்டாரத்தின் அடையாளங்கள். வீராணம் ஏரிப் பாசனம் எட்டும் இவ்வூர்களில் வளரும் பிள்ளை வயலைக் காணாமல் ஒரு நாளையும் கழிப்பதில்லை. ஆயினும், பள்ளியின் மதிய உணவில் வரும் கீரையையும் வெண்டைக்காயையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பதும் அதே பிள்ளைதான். நம் இல்லங்களின் நிலையும் இதுவே. கறி இல்லாத நாளில் சோறு இறங்காத பிள்ளைகளும், மாலையானால் பொட்டலத் தின்பண்டத்துக்குக் காசு கேட்கும் பிள்ளைகளும் இல்லாத வீடு அரிது.

பள்ளிப் பிள்ளைகளின் பசியாற்றுவதில் தமிழகம் முன்னோடி. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. இருந்தும், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் நம் கைக்கு எட்டுவது, கீரையும் காயும் பழமும் உண்ணப் பழகாத நாவு.

அந்நாவைப் பழக்கும் இடங்களுள் ஒன்று பள்ளித் தோட்டம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்டது. நிலமில்லாத பள்ளிகள் தொட்டிகளிலும் மொட்டை மாடியிலும் வளர்க்கலாம் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன. நான்கு பாத்திகளின் விளைச்சல் ஒரு பள்ளிக்கே உணவளித்துவிடாது என்பது உண்மை. ஆனால் தான் விதைத்த முளைக்கீரை ஏறத்தாழ நான்கு வாரங்களில் பறிக்கும் பருவத்தை அடைவதைக் கண்ட பிள்ளை, அதை ஒதுக்கத் தயங்கும். வெண்டைப் பூ காயாவதைக் கவனித்த பிள்ளைக்கு, உணவை வீணாக்காதே என்று தனியே உபதேசிக்க வேண்டிய தேவையும் குறையும்.

கண்டு பழகுவதே உணவுக் கல்வி என்பதற்கு நம் மார்க்கத்திலேயே அழகிய சான்று உண்டு. தையற்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். சிறு வயது முதல் நபியவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த அனஸ் (ரலி) அவர்களும் உடன் சென்றார்கள். ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் சேர்ந்த குழம்பும் பரிமாறப்பட்டன. நபியவர்கள் பாத்திரத்தின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) கண்டார்கள். அன்றுமுதல் தமக்கும் சுரைக்காய் பிரியமானதாயிற்று என்று அவர்களே அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அங்கே அறிவுரையோ வற்புறுத்தலோ இல்லை. நேசித்தவர் உண்டதைக் கண்டதே போதுமானதாக இருந்தது.

"பிள்ளையைப் படிக்க அனுப்பினோம், மண் கொத்தவா அனுப்பினோம்?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு 1937ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்கு வார்தாவில் வடிவம் கொடுத்த குழுவின் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன். வேளாண்மையையும் காய்கனித் தோட்டத்தையும் பள்ளிக் கல்வியின் மையத்தில் வைக்கத்தக்க தொழில்களாக அக்குழு ஏற்றது. இன்னும் மேலாக, சல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் விடுதலைக்காகப் பேரீச்சங்கன்றுகளைத் தம் திருக்கரங்களாலேயே நட்டவர்கள் நம் நபியவர்கள். அந்தக் கரங்களில் பட்ட மண் நம் பிள்ளைகளின் கரங்களுக்கு இழிவாகுமா?

ஆகவே, பள்ளித் தோட்டத்தை ஆசிரியர்களின் பொறுப்பு என்று மட்டும் விட்டுவிடுவது தகாது. பிள்ளை ஒரு பிடி கீரையோடு வீடு திரும்பினால், அன்றிரவே அது சமைக்கப்பட வேண்டும். குடும்பத்தார் அனைவரும் அதை உண்ண வேண்டும். தந்தை முகம் சுளித்து ஒதுக்கும் கீரையை மகன் விரும்பமாட்டான். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீரைத் தவிர்க்குமாறு 2024இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக உணவு வழிகாட்டி கூறுகிறது. சாப்பிட்டதும் தேநீர் அருந்தும் நம் வழக்கத்தை, குறைந்தது பிள்ளைகளின் பொருட்டேனும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. பள்ளித் தோட்டங்களுக்கு இரண்டு சோதனைகள்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கிச் செடி அழுகும், கோடை விடுமுறையில் நீர் ஊற்ற ஆளின்றிக் கருகும். முன்னதற்கு மேட்டுப்பாத்தி வேண்டும். பின்னதற்கு, ஊரிலுள்ள பெற்றோர் வாரமொரு குடும்பமாகப் பொறுப்பேற்கலாம். மக்தப் நடக்கும் பள்ளிவாசல்களிலும் ஒரு பாத்தி அமையலாம். ஒளுச் செய்த நீர் பெரும்பாலும் சாக்கடைக்கே போகிறது. சோப்பு கலவாத அந்நீரைக் கொண்டே புதினாவும் கொத்தமல்லியும் வளர்க்க முடியும். ரமளானில் நோன்புக் கஞ்சியில் சேரும் புதினா தங்கள் கையால் வளர்ந்தது என்றால், அந்தக் கஞ்சியைக் குடிக்கும் பிள்ளைகளின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

மனிதன் தன் உணவை உற்றுநோக்க வேண்டும் என்று அபஸ அத்தியாயத்தில் அல்லாஹ் பணிக்கிறான். மழை பொழிவதையும், நிலம் பிளந்து தானியமும் காய்கனிகளும் முளைப்பதையும் தொடர்ந்து எடுத்துரைக்கிறான். தட்டை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த வசனங்கள் ஓதி முடிக்கும் பாடமாகவே நின்றுவிடும். விதையிட்டு நீர் ஊற்றிய பிள்ளையோ அவற்றின் பொருளைக் கண்ணால் கண்டிருக்கும். நட்ட செடியிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டாலும் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நன்மையைச் சிறு வயதிலேயே ஈட்டும் வாய்ப்பை நம் பிள்ளைகளுக்கு மறுக்காதிருப்போம்.

ஹலாலானதும் தூய்மையானதுமான உணவை நாமும் நம் சந்ததியினரும் நன்றியுடன் உண்டு வாழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.