ஒரு குரோட்டன்ஸ் வாங்குங்க... பத்தாக்குங்க!

இரண்டு தொட்டி வைக்கலாம் என்று நர்சரிக்குப் போகிறவர்கள், கலர் கலரான இலைகளைப் பார்த்துப் பத்துச் செடியோடு திரும்புவார்கள். ஒரே மாதத்தில் பாதி மொட்டையாக நிற்கும். போட்ட காசும் போச்சு.

காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், பாலாற்றை ஒட்டிய செவிலிமேடு மாதிரி ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். நெசவு வீட்டில் முன்னறை தறிக்குப் போய்விடும். செடிக்கு மிஞ்சுவது திண்ணையும் மொட்டை மாடியும்தான். நர்சரிச் செடியோ நிழல்வலைக்குள் வளர்ந்தது. ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்குவதும் உண்டு. அதை நேராக மாடி வெயிலில் வைத்தால் குரோட்டன்ஸ் இலையைக் கொட்டிவிடும். உடனே பிடுங்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பத்து நாள் திண்ணையில் வைத்துவிட்டு, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்தலாம்.

வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். அடியிலிருந்தே கிளைத்த குட்டைச் செடிதான் லாபம். இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு செடி நன்றாகப் பிடித்துவிட்டால் மற்றதை நீங்களே உருவாக்கலாம். குரோட்டன்ஸுக்கு விண்பதியன் நம்பகமான வழி. பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுங்கள். ஈரமான தேங்காய் நார்க்கழிவை ஒரு பிடி வைத்து, பாலித்தீன் தாளால் மூடி இரு முனையும் கட்டுங்கள். ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் வெள்ளை வேர் வெளியே தெரியும். அதற்குக் கீழே வெட்டி, தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் இந்த வேலை வேண்டாம். ஆடிக்குப் பிறகு காற்றில் ஈரம் இருக்கும்போது செய்யலாம்.

கோலியஸுக்கு இத்தனை பாடு இல்லை. நுனியைக் கிள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டாலே வேர் வரும். மணி பிளான்ட்டில் கணு இல்லாமல் வெட்டினால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் புதுக் கொடி வராது.

பாம்புச் செடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சள் ஓரமுள்ள இலையைத் துண்டு போட்டு நட்டால் முளைக்கும். ஆனால், புதுக் குருத்தில் அந்த மஞ்சள் இருக்காது, வெறும் பச்சைதான். மஞ்சள் வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

வரதராஜருக்காக ராமானுஜர் தினமும் தண்ணீர் சுமந்ததாகச் சொல்லும் சாலைக் கிணறு இந்த ஊரில்தான் இருக்கிறது. அதற்காகத் தொட்டிக்கும் தினம் ஒரு குடம் வேண்டாம்! விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். பாம்புச் செடிக்கு அதைவிடவும் குறைவு.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் டிஃபன்பேக்கியா வேண்டவே வேண்டாம். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும். குரோட்டன்ஸ் பால் துணியில் பட்டால் கறை போகாது. செடி வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தறிப் பக்கம் போகாதீர்கள்.