வாய்மொழி அனுமதி போதாது

"வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு கொள்கை எதற்கு? மேலாளரும் ஊழியரும் பேசி வைத்துக்கொண்டால் போதாதா?" பெங்களூரு அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு என்னால் இதை ஏற்க முடியவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் இந்த ஊரின் பிழைப்பு ரயிலில்தான். விடியும் முன்பே மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் வேலை என்றால் நானூறு கிலோமீட்டர் அலைச்சல் மிச்சம்.

என் அக்கா மகளுக்கு அவளுடைய டீம் லீடர் வாய்மொழியாகத்தான் அந்த இரண்டு நாளைக் கொடுத்தார். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர், "திங்கட்கிழமையிலிருந்து தினமும் வந்துடுங்க" என்று ஒரு வரி அனுப்பினார். எடுத்துக் காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தூங்குகிற குழந்தையை அக்கா மடியில் போட்டுவிட்டு, இருட்டில் ஸ்டேஷனுக்கு நடந்தாள். சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் சம பலத்தில் பேசுவதில்லை. அதனால்தான் எழுத்து வேண்டும்.

"கண்ணெதிரே இல்லாவிட்டால் வேலை நடக்காது" என்பது அடுத்த வாதம். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் குறையவில்லை; வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இருந்தும் சில கம்பெனிகள் மடிக்கணினியில் வேவு மென்பொருள் ஏற்றுகின்றன. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எதைக் கண்காணிக்கலாம், எதைக் கூடாது என்பதும் கொள்கையில் இருக்க வேண்டும்.

"வீட்டில் இருப்பதே சலுகை, கரண்ட், இன்டர்நெட் செலவை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற வாதம். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து இந்தச் சுரங்கத்துக்கு மின்கம்பி இழுத்தார்கள். அன்று சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனிகூட, தன் வேலைக்கான மின்சாரத்தைத் தொழிலாளியே வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்று சொல்லவில்லை. இன்று, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண், இன்வெர்ட்டர் தவணையையும் தானே கட்டுகிறாள்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பது உண்மைதான். பெமல் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவர் வீட்டிலிருந்து செய்ய முடியாது. எந்த வேலைக்குப் பொருந்தும் என்று பிரித்து எழுதத்தானே கொள்கை?

எச்.ஆர். துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பக்கம் போதும். எத்தனை நாள், எத்தனை மணிக்கு மேல் அழைக்கக் கூடாது, செலவு யாருடையது, அனுமதியை நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுங்கள்.