கையைப் பிசையும் கல்வி

காரைக்குடியில் கல்விக்குப் பஞ்சமில்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே இங்கே வரவழைத்தார். 1953-இல் அது திறக்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் நிறைந்த ஊர் இது. இந்த ஊரில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு இதயத்தைப் பற்றிக் கேளுங்கள். நான்கு அறைகளையும் படம் போட்டுப் பாகம் குறித்துக் காட்டுவான். "உன் அப்பத்தாவின் இதயம் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். கையைப் பிசைவான். குற்றம் அவனுடையதல்ல, நம்முடையது.

இதயம் நின்ற நாலைந்து நிமிஷத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. 108 வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த நிமிஷங்கள் அருகில் இருப்பவர்களுடையவை. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், வண்டிக்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே ஒரு கைமேல் மறு கை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. வண்டி வரும்வரை விடக் கூடாது. இதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா? 1960-இல் இந்த முறையை உலகுக்கு அறிவித்த மூவரில் ஒருவரான கௌவன்ஹோவனே டாக்டரல்ல, மின்பொறியாளர்! மறு வருஷமே நார்வே உயிர்மீட்புப் பயிற்சியைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனது. 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணி நேரம் கற்பிக்கும் யோசனையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரித்தது.

நம்மவர்கள் சொல்லும் ஆட்சேபங்களைக் கேளுங்கள். பாடம் முடிக்கவே நேரமில்லையாம். வருஷத்தில் 2 மணி நேரம் குறைந்தால் எந்தப் பிள்ளையின் மதிப்பெண் சரிந்துவிடும்? சின்னஞ்சிறுசுகளிடம் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனமாம். நாம் பேசாவிட்டால் அது வாசலோடு திரும்பிவிடுமா? பெண்பிள்ளையின் நெஞ்சில் எவனோ கை வைப்பதாவது என்கிறார்கள். உயிர் போகும் நேரத்திலும் ஊர் வாய்க்கு அஞ்சுகிற மானம் மானமல்ல, கொலைக்குத் துணை.

செட்டிநாட்டுக்கு இது இன்னும் அவசரம் என்பேன். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீட்டில் பல சமயம் வயதான இருவர்தாம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஆச்சி கூப்பிட்டால் முதலில் ஓடி வரக்கூடியவன், அந்த வழியே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பையன்தான்.

முதலுதவியைச் சாரணர்களின் காரியம் என்று ஒதுக்கியதும் போதும். ஆண்டுக்கொரு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டதும் போதும். ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சிப் பொம்மைமேல் கை வைத்து அழுத்திப் பழக வேண்டும். கோயில் திருப்பணிக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் வாரிக் கொடுத்த ஊருக்குப் பள்ளிக்கொரு பொம்மை பாரமாகிவிடாது. தாளாளர்களே, பணத்தைக்கூடப் பிறகு பார்க்கலாம். முதலில் கால அட்டவணையில் அந்த 2 மணி நேரத்தை எழுதுங்கள்.