உத்திரத்துக்கு வில்லங்கச் சான்று உண்டா?

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு வாங்கிக் கடைசிக் காலத்தை அரங்கன் காலடியில் கழிக்க வேண்டும் என்ற ஆசை, அந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு மட்டும் உள்ளதன்று. டில்லியிலும் மும்பையிலும் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்களும் ஓய்வுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் வாங்குகிற விதத்தைப் பார்த்தால், வாங்குவது வீட்டையா, வீட்டைப் பற்றிய காகிதத்தையா என்ற ஐயம் எழுகிறது.

காகித விஷயத்தில் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வக்கீலின் அபிப்பிராயம் எல்லாம் வந்துவிடும். மனை கோயிலுக்குச் சொந்தமா, குடியிருப்பவருக்குச் சொந்தமா என்ற தகராறு ஸ்ரீரங்கத்தில் பல இடங்களில் உண்டு. அதையும் துருவி விசாரிக்கிறார்கள். விசாரிக்கத்தான் வேண்டும். பிறகு வாஸ்து பார்ப்பவர் வந்து போவார். வீட்டைப் பார்ப்பதற்கு மட்டும் பத்து நிமிஷம்! கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். "தேக்கு உத்திரம், ஸார்! இந்தக் காலத்தில் கிடைக்குமா?" என்கிறார் தரகர். தலையாட்டிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினால் ராஜகோபுரம் தெரிகிறது. வியாபாரம் முடிந்தது. 1987-ல் கட்டி முடிந்த அந்தக் கோபுரத்தின் உயரம் 236 அடி. ஸ்ரீரங்கத்தில் அது தெரியாத மாடியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கென்று தனி விலை கொடுப்பானேன்?

இத்தனைக்கும் திருச்சிக்காரர்கள் சோதிக்கத் தெரியாதவர்கள் அல்லர். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஒரு வண்டியைச் சரிபார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். திருவெறும்பூர் பெல் ஆலையில் கொதிகலன் பாகங்களில் தண்ணீரை அழுத்தத்துடன் ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் சர்வீஸ் முடித்த மனிதர், தம் சொந்தப் பணத்தைப் போடும்போது ஒரு திருப்புளிகூடக் கையில் இல்லாமல் வந்து நிற்பது விந்தையல்லவா?

சட்டம் கைகொடுக்கும் என்று நம்பியிருப்பவர்கள் 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவை ஒரு முறை படித்துப் பார்க்கலாம். தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்று அது சொல்வது உண்மை. ஆனால் எந்தக் குறையை? வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையுடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை! பார்த்தால் தெரிந்திருக்கக்கூடியதைப் பார்க்காமல் விட்டவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

முதலில் கூரை. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள பழைய மச்சு வீடுகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் வகை. உத்திரத்தின்மேல் கட்டைகள், கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பாவிய வேலை. அருமையான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அத்தனை பாரமும் நிற்பது மரத்தின்மேல். மரம் கெடுவது நடுவில் அன்று, சுவருக்குள் செருகியிருக்கும் முனையில். ஈரம் அங்கேதான் தங்கும்; கரையானும் அங்கேதான் குடியேறும். கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. ஏணி போட்டு ஏறி, முனையில் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் விஷயம் வேறு. புதிதாக வார்னீஷ் அடித்த உத்திரம் என்றால் இரண்டு முறை குத்திப் பார்ப்பது உத்தமம். மாடியில் ஒழுகுகிற போதெல்லாம் சிமெண்டைக் கொட்டிப் பூசியிருந்தால், ஒவ்வொரு பூச்சும் அந்த மரத்தின் தலையில் ஏற்றிய சுமைதான்.

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அடித்தளத்தில் உப்பிய பூச்சு அதன் அடையாளம். 2024 ஜனவரி 1-ந் தேதி திருச்சி அரியமங்கலத்தில் பழைய வீடொன்றின் கூரை இடிந்து விழுந்து, தூக்கத்திலேயே ஒரே குடும்பத்தில் நான்கு பேர் மாண்டார்கள். அவர்களில் இருவர் சிறுமிகள். 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கம் கிழக்கு வாசல் கோபுரத்தின் ஒரு பகுதி நள்ளிரவில் விழுந்தபோது நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. விரிசல் முன்பே ஊரார் கண்ணில் பட்டதுதான்.

அடுத்தது சுவர். அக்ரகாரத்து வீடுகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்பது சகஜம். பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கே இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பக் கிளம்பினால், இந்த வீட்டு உத்திரம் எதன்மேல் நிற்கும்? சுவர் யாருடையது என்பதைப் பத்திரத்திலும் பார்க்க வேண்டும், நேரிலும் பார்க்க வேண்டும்.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு விளக்கும் ஒரு விசிறியும் ஓடிய காலத்து ஒயரில் இன்று ஏ.ஸி.யும் மோட்டாரும் கிரைண்டரும் ஓடுகின்றன. எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சாதனம் உண்டா என்று லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தால் போதும்.

தண்ணீர் விஷயம் அப்படியன்று. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற மணல் பூமி. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கிணற்றிலும் ஏறும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. சித்திரை வெயிலில் வீடு பார்ப்பவருக்கு எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். ஐப்பசியில் ஒரு முறை வந்து பார்த்தால், எந்தச் சுவரில் எத்தனை அடி ஈரம் ஏறுகிறது என்பதைச் சுவரே காட்டிவிடும். ஆற்றுக்குத் தெற்கே திருச்சி நகருக்குள் வாங்குபவர்களும் 1977, 2005 வருஷங்களின் நவம்பர் வெள்ளத்தை மறக்கலாகாது. வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்பதை எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் சரியாகச் சொல்வார், தரகர் சொல்லமாட்டார்.

முற்றத்துத் தண்ணீர் கூடத்தின் அடியாகக் குழாயில் தெருவுக்குப் போகிற வீடுகளில் நாலு வாளி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தேங்கினால் தரையைப் பெயர்க்கிற செலவு காத்திருக்கிறது. கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, அல்லது கிணற்றுக்குப் பக்கத்திலுள்ள பழைய தொட்டியில்தான் இன்னும் விழுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு 5,40,000 ரூபாயை முணுமுணுப்பில்லாமல் கட்டுகிறவர்கள், ஓர் எஞ்சினீயருக்கோ அனுபவமுள்ள மேஸ்திரிக்கோ சில ஆயிரம் கொடுக்கத் தயங்குகிறார்கள். பாங்கி மதிப்பீட்டாளர் பார்த்தாரே என்பார்கள். அவர் பார்த்தது கடன் திரும்புமா என்பதற்காக. உண்மையில் தடுப்பது பணமும் அன்று, தாட்சண்யம்! "அவாத்துக்குள்ள போய் உத்திரத்தைக் குத்தறதா?" என்று வீட்டு அம்மாளே கையைப் பிடிக்கிறார். விற்பவர் தூரத்து உறவாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்பணம் கொடுக்கிறபோது எழுதும் ஒப்பந்தத்தில், எஞ்சினீயர் வந்து பார்த்து இன்ன குறை கண்டால் விலையைக் குறைப்பது அல்லது முன்பணத்தைத் திருப்பித் தருவது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பிற்பாடு ஏணியோடு போய் நிற்பதில் யாருக்கும் மனஸ்தாபம் வராது.