2,000 ரூபாய் ஹீட்டருக்கு 3,717 ரூபாய் பில்

ஊட்டியில வேலை கிடைச்சு, வாடகை வீட்ல தங்கியிருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, 2,000 ரூபாய்க்கு ரூம் ஹீட்டர் வருது, வாங்கலாமா?" வாங்குங்க. மலைக் குளிர்ல நடுங்கிக்கிட்டு மிச்சம் பிடிக்கச் சொல்ற ஆள் நான் இல்லை. ஆனா அந்த 2,000 வெறும் அட்வான்ஸ்தான். மீதிப் பணம் கரண்ட் பில்லா வரும்.

கணக்கைப் பாருங்க. 2,000 வாட்ஸ் ஹீட்டர் முழுசா ஓடினா மணிக்கு 2 யூனிட். தினம் 4 மணி நேரம்னா 8 யூனிட். ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை என்பதால், 60 நாளைக்கு 480 யூனிட். ஏற்கெனவே 300 யூனிட் ஓடுற வீடுன்னா மொத்தம் 780. 2024 ஜூலை கட்டணப்படி 400 யூனிட் வரை 4.80 ரூபாய், அடுத்த நூறுக்கு 6.45, அதுக்கு அடுத்த நூறுக்கு 8.55, 601-லிருந்து 800 வரை 9.65. ஹீட்டர் இழுக்கிற 480 யூனிட்டும் மேல் ஸ்லாப்கள்லதான் போய் உட்காரும். 480 + 645 + 855 + 1,737. ஆக 3,717 ரூபாய். 500-ஐத் தாண்டினதால 101-லிருந்து 200 வரைக்கும் கிடைச்ச கூடுதல் மானியம் போறது தனி.

வருமான வரி மாதிரியேதான் இது. இன்க்ரிமென்ட் தொகைக்கு சராசரி வரி போடமாட்டாங்க, உங்க உச்ச ஸ்லாப்ல போடுவாங்க. ஹீட்டரும் அப்படி. (இந்த பில்லை வரியில கழிக்கலாமான்னு கேட்காதீங்க. சம்பளக்காரருக்கு அதெல்லாம் கிடையாது, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோட சரி.)

கடையில "ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மியா இழுக்கும் சார்" என்பார்கள். நம்பாதீங்க. ராட், ஃபேன், ஆயில் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஒரே அளவு சூடுதான். ஆயில் ஹீட்டர் அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பா இருக்கும், அவ்வளவே. அதுக்காக பல ஆயிரம் கூடக் கொடுப்பது உங்க இஷ்டம். என்னைக் கேட்டா, படுக்கப் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஹீட்டர், அப்புறம் எலெக்ட்ரிக் போர்வை. 100 வாட்ஸ் போர்வை எட்டு மணி நேரம் முழுசா ஓடினாலும் 0.8 யூனிட். ஹீட்டர் அதே எட்டு மணி நேரம் ஓடினா 16.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குன்னூர்ல நான் வாடகைக்கு இருந்த வீட்ல கட்டில் பக்கத்துல 16 ஆம்பியர் சாக்கெட் இல்லை. எலெக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுக்க மனசில்லாம சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல செருகினேன். 2,000 வாட்ஸ் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அந்த பாக்ஸ் தாங்குறது 6. மூணாவது ராத்திரி பிளாஸ்டிக் கருகின வாடையில முழிச்சேன். பிளக் உருகி பாக்ஸோட ஒட்டியிருந்துச்சு. ஊருக்கே பட்ஜெட் போட்டுக் கொடுக்கிறவன், சில நூறு ரூபாய்க்காக வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கேன். மறுநாள் காலையில முதல் வேலையா தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் போட்டேன். வாடகை வீடுதானேன்னு நினைக்காதீங்க, ஓனர்கிட்ட பேசி வாடகையில கழிச்சுக்கலாம். அவர் மறுத்தாலும் போடுங்க.

பில்லுக்குப் பயந்து மூடின அறையில கரி அடுப்பு வைக்கிறவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்னுடும்.

பராமரிப்பு பெரிசா ஒண்ணுமில்லை. சீசன் முடிஞ்சதும் துணி போட்டு மூடி வைங்க. அடுத்த வருஷம் எடுக்கும்போது, பிளக்கைக் கழட்டின நிலையில தூசியைத் தட்டி, ராட் ஹீட்டர்னா பின்னாடி இருக்கிற பளபளப்புத் தகட்டையும் உலர்ந்த துணியால துடைங்க. அது மங்கினா சூடு உங்க பக்கம் வராது. அரை மணி நேரம் ஓடினதும் அணைச்சிட்டு, பிளக்கைக் கழட்டித் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா சாக்கெட் லூஸ், மாத்தணும். துணி காயப்போட ஹீட்டரை ஸ்டாண்டா ஆக்காதீங்க.

அப்புறம் அந்த ஊட்டித் தம்பிக்கு: வாங்கின அன்னைக்கே மீட்டர் ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்து வைங்க, வாராவாரம் இன்னொண்ணு. 500 எப்போ தாண்டுதுன்னு பில் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.