வளர்ப்பு மீன் மீதான குற்றச்சாட்டு

வளர்ப்பு மீன் என்றாலே ஈயமும் பாதரசமும் ஊறிய பதார்த்தம் என்றும், தேக நலம் கருதுகிறவர்கள் கடல் மீனை மட்டுமே வாங்கவேண்டும் என்றும் ஓர் அபிப்பிராயம் சந்தையிலும் சமையலறையிலும் வேரூன்றிவிட்டது. பயத்துக்கு இடமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அஞ்சவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அஞ்சுகிறோம் என்பதே என் ஆட்சேபம்.

கடல் மீன் தூயது என்பதை முதலில் பார்ப்போம். நிலக்கரிப் புகையாலும் ஆலைக் கழிவாலும் நீரில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மீதைல் பாதரசமாக மாற்ற, அது மிதவை உயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து அதை விழுங்கும் பெரு மீனுக்கும் படிப்படியாகப் பெருகிக்கொண்டே போகிறது. ஆகவே பல்லாண்டு வாழ்ந்து பிற மீன்களை வேட்டையாடும் சுறாவிலும் பெருஞ்சூரையிலும் அது மிகுந்திருப்பதும், பாசியையும் தவிட்டையும் தின்று ஏறக்குறைய ஓராண்டிலேயே வலையில் ஏறிவிடும் ரோகு, கட்லாவில் குறைந்திருப்பதும் இயல்பே. சர்வதேச உணவு நெறிமுறை ஆணையமான கோடெக்ஸ், 2018-ல் மீதைல் பாதரசத்துக்கு உச்சவரம்பு விதித்தபோது பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சுறாவும் சூரையும் கடல் மீன்களே. 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட கொடிய நரம்பு நோயும் வளைகுடாவில் பிடித்த மீனால் வந்ததேயன்றி வளர்த்த மீனால் அன்று. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு கிளறிக் கொடுக்கும் நம் வீடுகளில் குளத்துக் கெண்டையைச் சந்தேகிப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

கழிவுநீரில் வளர்ந்த மீன் நஞ்சாகாமல் எப்படி இருக்கும் என்பது அடுத்த வாதம்; இதற்குக் கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்தைக் காட்டுகிறார்கள். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்து, 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தின் மீன் ஏரிகளை வங்காளத்தார் 'பேரி' என்பார்கள். நகரத்துக் கழிவுநீர் அந்த ஆழமற்ற ஏரிகளில் வெயில் காய்ந்து, பாசி படர்ந்து, பச்சை நிறம் கொண்ட பிறகே மீன்குஞ்சுகள் விடப்படுகின்றன. பாசி செழிக்கையில் நீர் காரத்தன்மை அடைவதால் தோல் ஆலைகளின் குரோமியத்தில் பெரும்பகுதி கரையாமல் அடிச்சேற்றில் படிந்துவிட, கரையோரம் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரையும் உலோகங்களில் ஒரு பங்கை வேரால் உறிஞ்சிக்கொள்கிறது. இம்முறையின் அருமையை உலகறியச் செய்த பொறியாளர் துருவஜோதி கோஷுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் சேற்றில் படிந்தது மறைந்து போவதில்லை. சேற்றைக் கிளறி மேயும் மிர்கால் போன்றவை மேல்நீரில் மேயும் கட்லாவைவிட அதிகம் ஏற்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாசிக்கு உரமாகும் வீட்டுக் கழிவு வேறு, அதில் கலக்கும் ஆலைக் கழிவு வேறு. அதனாலன்றோ 1996-ல் உச்சநீதிமன்றம் தாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதித் தோல் ஆலைகளை அகற்றச் சொல்லிற்று? மீன் வளர்ப்பை நிறுத்தச் சொல்லவில்லை.

மஞ்சள் தடவிக் கழுவி, புளி விட்டுக் கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று ஆறுதல் கூறுவோரும் உண்டு. மீதைல் பாதரசம் தசையின் புரதத்தோடே பிணைந்திருப்பதால் எந்தக் கொதிப்புக்கும் அது அசைந்து கொடுக்காது. காட்மியம் பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும், ஈயம் எலும்பிலும் செவுளிலும் தங்குவதால், குடலையும் செவுளையும் சுத்தமாக எடுத்தெறிவது ஓரளவு பயன் தரும், அவ்வளவுதான்.

அப்படியானால் மீனையே விட்டுவிடலாமே என்பவர்கள், கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கு மீன் கொழுப்பு எவ்வளவு அவசியம் என்பதை மறந்து பேசுகிறார்கள். ஈய விஷயத்தில் மட்டும் நான் சிறிதும் விட்டுக்கொடுக்கமாட்டேன். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஒரு வரம்பு காட்ட இயலாதென்று 2010-ல் சர்வதேச நிபுணர் குழுவே தன் பழைய அளவை விலக்கிக்கொண்ட பிறகு, பட்டறைக் கழிவும் சாயக் கழிவும் கலக்கும் ஏரியை மீன் பாசிக் குத்தகைக்கு விடுவதற்கு எந்த அதிகாரிக்கும் நியாயம் கிடையாது. குத்தகை ஏலத்துக்கு முன்பு ஒவ்வோர் ஏரியின் நீரையும் சேற்றையும் மீனையும் பரிசோதித்து, அந்த முடிவை ஏலம் கேட்பவரும் மீன் வாங்குபவரும் படிக்கும்படி ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் ஒட்டவேண்டும்.