பழைய படகு எஞ்சினும் ஒரு கயிறும்

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1909-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தவர், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட். அவர் பெயரில் வந்த மோட்டார்களைப் பின்னாளில் தயாரித்த கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. பிராண்டு கை மாறியது, 2020-ல் உற்பத்தியே நின்றது. ஆனால் 1950-களில் வந்த மோட்டார்கள் இன்னும் அங்குள்ள ஏரிகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கம்பெனியே போய்விட்டது, பொருள் மட்டும் எப்படிப் பிழைத்தது?

விடை அதன் ஸ்டார்ட்டரில் இருக்கிறது. ஒரு கயிறு, ஒரு கப்பி, ஒரு சுருள் ஸ்பிரிங், ஃப்ளைவீலைப் பிடித்துச் சுற்றும் ஒரு கொக்கிப் பல். அவ்வளவுதான்! இழுத்த கயிறு உள்ளே திரும்பவில்லையா, ஸ்பிரிங்கைப் பாருங்கள். கயிறு வருகிறது, ஃப்ளைவீல் சுற்றவில்லையா, பல்லைப் பாருங்கள். ஃப்ளைவீல் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் குற்றவாளி ஸ்டார்ட்டர் இல்லை, தீப்பொறியோ பெட்ரோலோதான்.

பேட்டரி ஸ்டார்ட்டும் இதே கதைதான். 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் பலரும் முதலில் புது ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்க ஓடுகிறார்கள். பேட்டரி முனையில் படிந்த அரிப்புப் படிவைச் சுரண்டுவதற்குக் காசு செலவில்லையே! முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது அது 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரியையோ இணைப்பையோதான் சந்தேகிக்க வேண்டும். மலிவான காரணத்தை முதலில் பார், விலை உயர்ந்ததைக் கடைசியில் பார். செலவுக் கணக்கின் அரிச்சுவடியே இதுதான்.

ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சுருள் ஸ்பிரிங் இறுக்கத்தோடு இருக்கும். கவனமில்லாமல் மூடியைக் கழற்றினால் பாய்ந்து வந்து முகத்தைக் கிழித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

எதிர்வாதமும் நியாயமானதே. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எரிபொருளின் ஒரு கணிசமான பகுதி எரியாமலே தண்ணீருக்குப் போகிறது. அதனால்தான் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் நிறுவனம் 1996-ல் புது மோட்டார்களுக்குப் புகை விதிகள் கொண்டு வந்தது. புது எஞ்சின் சுத்தமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் சுத்தமான எஞ்சின் என்றால் சொந்தக்காரர் கைவைக்க முடியாத எஞ்சினாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பழுதுபார்ப்பதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே 2021-ல் அறிக்கை கொடுத்திருக்கிறதே.

சாலையில் கார் நின்றால் இறங்கி நடக்கலாம். நடு ஏரியில் மோட்டார் நின்றால்? காற்று இழுத்த இழுப்புக்குத்தான் படகு போகும். அந்தக் காலத்து மோட்டார்கள் பலவற்றில் மூடியைக் கழற்றி, முடிச்சுப் போட்ட கயிற்றை ஃப்ளைவீலில் சுற்றி இழுத்துக் கரை சேர வழி வைத்திருந்தார்கள். கியர் நியூட்ரலில் இருந்தால் போதும்.

கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் கழித்துக் கழித்து அந்த மோட்டாரின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகியிருக்கும். ஆனால் கரைக்குத் திரும்பிய ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், வேறு விலை சொல்வார். இன்று மோட்டார் செய்பவர்கள் அதில் எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் வைக்கட்டும். கூடவே அந்த ஒரு கயிற்றுக்கும் இடம் வைக்கட்டும்.